திருத்தி அனுப்பிய கார்டுகள்

என்னுடைய ஆங்கிலம் எப்போதுமே ஒரு நாள் பழையது. முந்தின நாள் பேப்பரைப் படித்து வந்தது. எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் சிமெண்ட் கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒரு என்ஜினீயர் வீட்டில் அம்மா பாத்திரம் தேய்த்து, வீடு கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வரும் ஆங்கிலப் பேப்பரை மறுநாள் சாயங்காலம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவாள். விடிந்ததும் திருப்பிக் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். மாதக் கடைசியில் பழைய பேப்பரை எடைக்குப் போடுகிறவள் அந்த வீட்டம்மா. மடிப்புக் கலையக் கூடாது, கிழியக் கூடாது, பேனாக் கோடு விழக் கூடாது, எண்ணெய்க் கை படவே கூடாது. கோயில் விபூதியைக்கூட எங்கள் வீட்டில் யாரும் இவ்வளவு பயபக்தியோடு தொட்டதில்லை.

நானும் அக்காவும்தான் அதைப் படித்தோம். பாயை உதறி விரித்து, அதன் மேல் பேப்பரை விரித்து, ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து உட்காருவோம். கத்தரிக்கவோ அடிக்கோடு போடவோ முடியாது என்பதால் வேண்டிய வார்த்தைகளை நோட்டில் எழுதிக்கொள்வோம். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு ஏற்றுகிறவர். அவர் வீட்டுக்கு வந்தால் முதலில் பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் அவருக்குத் தண்ணீர் கொடுப்போம். அவர் சட்டையைக் கழற்றி உதறினால் வீடே வெளுத்துப்போகும்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்பு தேறிய முதல் பெண். பெரம்பலூரைத் தாண்டி, பஸ்ஸிலிருந்து இறங்கி மூன்று மைல் நடக்க வேண்டிய ஒரு மானாவாரிக் காட்டு ஊரில் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று அம்மாவிடம் அடுப்படியில் துண்டு துண்டாகச் சொன்னாள். அரிசிப் பானையைப் பூட்டி வைக்கிற மாமியார், கை நீட்டுகிற அக்கா புருஷன், அதாவது மாமா, என்று எனக்குக் காதில் விழுந்தது அவ்வளவுதான். எனக்கு அப்போது இருபது வயது. பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் வெட்டியாக இருந்தேன். அக்காவிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதெல்லாம் பொம்பளைகள் சமாச்சாரம் என்று இருந்துவிட்டேன். பி.ஏ. படித்த துரை அல்லவா நான்.

சர்க்கார் குமாஸ்தா பரீட்சைக்கு இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போடலாம் என்றது அக்காதான். அதில் ஒரு தாள் பொது ஆங்கிலம். "மத்ததெல்லாம் நான் பாத்துக்குவேன்டா. இந்த இங்கிலீஷ் ஒண்ணுல மட்டும் தேறிட்டா, நான் யாரு வூட்டு வாசல்லயும் போயி நிக்க வேண்டியதில்ல" என்றாள். எனக்கு அது பரீட்சை. அவளுக்கு அது அந்த ஊருக்குத் திரும்பிப் போகாமல் இருப்பதற்கான ஒரே வழி. இதை அவள் ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை. பச்சையாகத்தான் சொன்னாள்.

தினம் ஐந்து வார்த்தைகள். அன்றைய செய்தியிலிருந்து எடுக்க வேண்டும். அதில் ஒன்றாவது சொற்றொடராக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதி நோட்டை மாற்றிக்கொண்டு சிவப்பு மையில் திருத்தி மார்க் போட வேண்டும். முதல் வாரம் நான் மந்திரிகளையும் தூதர்களையும் வைத்துப் பிரமாதமாக எழுதினேன். அக்கா எல்லாவற்றையும் அடித்துவிட்டாள்.

"இவங்கல்லாம் யாருடா நமக்கு? சித்தப்பனா, பெரியப்பனா? இதெல்லாம் பேப்பர்காரன் வாக்கியம். நம்ம வூட்டப் பத்தி எழுதுடா. அப்பத்தான் மனசுல நிக்கும்."

அன்றைக்கு அவள் ஒரு சட்டம் போட்டாள். வாக்கியம் நம் வீட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும். அன்றைக்கு நிஜமாகவே நடந்ததாக இருக்க வேண்டும். பொய் எழுதினால் இலக்கணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அரை மார்க் போய்விடும்.

அதற்குப் பிறகு அந்தப் பாயில் நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. வடக்கே எங்கோ கலவரம் நடந்து 'கர்ஃபியூ' என்று செய்தி வந்தால், அப்பா தூங்குவதால் வீட்டில் மாலை ஐந்து மணி முதல் கர்ஃபியூ அமலில் இருக்கிறது என்று அக்கா எழுதுவாள். 'டெட்லாக்' என்ற வார்த்தை வந்த அன்று, குழாயடியில் அம்மாவுக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் முட்டுக்கட்டை விழுந்ததாக எழுதினாள். நிலைமை பதற்றமாக இருந்தாலும் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது என்பது பேப்பரில் வாரம் ஒரு தடவையாவது வந்துவிடும். அக்கா அதை அடுப்பில் பொங்கும் பாலுக்கு எழுதினாள். ஒரு கல்லையும் புரட்டாமல் விடக் கூடாது என்று வெள்ளைக்காரன் சொல்வதை அப்பாவுக்கு விளக்கியபோது, "அதுக்கு ஒரு பேப்பரா? நான் தெனமும் அதத்தானடா செய்யிறேன்" என்றார்.

ஒரு தடவை நான் 'அபூர்வம்' என்பதற்கான வார்த்தையை வைத்து, இன்று அப்பா சிரித்தார், அது அபூர்வம் என்று எழுதினேன். அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சாட்சி கேட்டாள். அப்பா அன்றைக்குச் சிரிக்கவில்லை என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டாள். அரை மார்க் போனது. நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

உண்மையைச் சொன்னால், ஆறு மாதத்தில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நான் பி.ஏ. என்ற திமிரில் இருந்தேன். அவள் வாக்கியங்களில் இருந்த துடிப்பு என்னுடையதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அதனால் அவள் நோட்டில் கமாவையும் புள்ளியையும் தேடித் தேடிப் பிடித்து மார்க் குறைப்பேன். "பி.ஏ. சார் சொன்னா சரிதான்" என்று சிரிப்பாள்.

தை அறுவடை முடிந்த கையோடு மாமாவின் அண்ணனும் அந்த ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். மாமா உள்ளேயே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்கு அப்போது இருமல் வந்துவிட்டது. எனக்கு வேலை இல்லை. எதிரே இருப்பவர்கள் பேசப் பேச அப்பாவின் தலை கீழே இறங்கிக்கொண்டே போனது.

"பரீட்சைக்கு இன்னும் ஆறு மாசம்தாங்க இருக்கு. அது முடியட்டுங்க" என்று அக்கா கதவுக்குப் பின்னால் இருந்து சொன்னாள்.

"அங்க இருந்து எழுதட்டுமே, யாரு வேணாங்குறா? படிக்கிற புள்ளைய நாங்க தடுப்பமா?" என்றார் மாமாவின் அண்ணன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அது ஏதோ நாம் ஜெயித்த நிபந்தனை போல எனக்குப் பட்டது. இதை எழுதும்போதுகூட என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

மூன்றாம் நாள் அவளை அனுப்பினோம். அதற்கு முன் நான் தபாலாபீஸில் இருபது கார்டுகள் வாங்கி, ஒவ்வொன்றிலும் எங்கள் விலாசத்தை அச்சடித்த மாதிரி எழுதிக் கொடுத்தேன். "பத்து நாளைக்கு ஒண்ணு போடுக்கா. அஞ்சு வார்த்தை, அஞ்சு வாக்கியம். கவர்ல வச்சுத் திருத்தி அனுப்புறேன்" என்றேன்.

அவள் கார்டுகளைப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தாள். "சட்டம் அதேதானே?" என்று கேட்டாள்.

"அதேதான்" என்றேன்.

முதல் கார்டு ஒழுங்காகப் பத்தாம் நாள் வந்தது. இரு தரப்பும் போர்நிறுத்தத்தை மதித்து நடப்பதாக ஒரு வாக்கியம். எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டரை போட்டு அனுப்பினேன். இரண்டாவதில் எல்லையில் சிறு சிறு மோதல்கள் நடந்ததாக இருந்தது. அப்பா, "என்னடா எழுதியிருக்கா?" என்று கேட்டார். "பாடம்பா. நல்லாப் படிக்கிறா" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. மாதம் ஒரு தமிழ் இன்லண்ட் கடிதமும் அவளிடமிருந்து வரும். அதில் எல்லோரும் நலம், அங்கு மழை உண்டா என்று இருக்கும். அதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுவேன்.

மூன்றாவது கார்டு எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில், முத்து முத்தான கையெழுத்தில். அப்பகுதிக்கு அத்தியாவசியப் பொருட்கள் அனுப்புவது இரண்டாவது நாளாக நிறுத்தப்பட்டுள்ளது. அதிகாரிகள் கோரிக்கைகளுக்குச் செவிசாய்க்கவில்லை. யாரும் வெளியே செல்ல அனுமதிக்கப்படவில்லை. நேற்று மாலை நடந்த தடியடியில் ஒருவருக்குத் தோளில் காயம். நிலைமை பதற்றமாக இருந்தாலும் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது.

இதை நான் பாயில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவோடு படித்தேன். ஓர் இடத்தில் காலம் தப்பாக இருந்தது, மாற்றினேன். ஓர் எழுத்துப் பிழை இருந்தது, வட்டம் போட்டேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு கச்சிதமான வாக்கியங்களை அக்கா சொந்தமாக எழுதியிருக்க மாட்டாள், பேப்பரைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அம்மாவை விட்டு முந்தின வாரத்துப் பேப்பர்களை மொத்தமாகக் கொண்டுவரச் செய்து, அவற்றில் அந்த வரிகளைத் தேடினேன். கிடைக்கவில்லை. வேறு பேப்பராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஏழு மார்க் போட்டேன். கீழே தமிழில், "பேப்பரைப் பார்த்துக் காப்பி அடிக்காதே. பரீட்சையில் உதவாது. நம் சட்டப்படி வீட்டைப் பற்றிச் சொந்தமாக எழுது" என்று எழுதிக் கவரில் போட்டு ஒட்டினேன்.

அடுத்த கார்டு வர மூன்று வாரம் ஆயிற்று. அதிலும் ஐந்து வாக்கியங்கள் இருந்தன. மேலே, தலைப்பு மாதிரி, 'நமது சொந்த நிருபர்' என்று ஆங்கிலத்தில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். நான் கண்டித்ததற்குப் பதில் கிண்டல் செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். அது முழு வாக்கியம் இல்லை என்று அரை மார்க் குறைத்தேன்.

அதற்குள் தமிழ்க் கடிதத்தில் சந்தோஷமான சேதி வந்துவிட்டது. அக்காவுக்கு இரண்டு மாதம். அம்மா கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு நெல் அளப்பதாக வேண்டிக்கொண்டாள். அப்பா, "ஒரு புள்ள பொறந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்து வந்துவிட்டால் பிறகு பிரசவம் முடியும் வரை இங்கேதான் என்று அம்மா நாள் எண்ண ஆரம்பித்தாள். பரீட்சை அதற்கு முன்பே வந்துவிடும். அவள் வந்து எழுதிவிட்டுப் போகலாம் என்று நானும் கணக்குப் போட்டேன்.

அடுத்து வந்த கார்டுகளில் மீட்புக் குழுவை உடனே அனுப்புமாறு வேண்டுகோள் விடுக்கப்பட்டுள்ளது என்று ஒரு வாக்கியம் இருந்தது. வேண்டுகோளுக்கு இதுவரை பதில் இல்லை என்று இன்னொன்றில் இருந்தது. இரண்டு வாக்கியத்துக்கும் சரி போட்டேன். இரண்டாவதற்குப் பக்கத்தில் 'நல்ல பிரயோகம்' என்று எழுதினேன்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு கார்டு வந்தது. அதில் நான்கு வாக்கியங்கள் மட்டுமே இருந்தன. கார்டில் பாதி வெறுமையாகக் கிடந்தது.

ஒருவர் பலி. பெயர் தெரியவில்லை. விசாரணைக்கு உத்தரவிடப்படவில்லை. அப்பகுதியில் அமைதி நிலவுகிறது.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. ஐந்துக்கு நான்குதான் எழுதியிருக்கிறாள் என்று குறைக்க நினைத்து, போகட்டும், பரீட்சை நேரம், உற்சாகப்படுத்துவோம் என்று பெரிய மனசு பண்ணினேன். முதல் தடவையாகப் பத்துக்குப் பத்து போட்டேன். பக்கத்தில் 'வெரி குட்' என்று எழுதி அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டமும் போட்டேன். அன்றைய தபாலிலேயே சேர்த்தேன்.

இரண்டு பேருக்கும் ஹால்டிக்கெட் எங்கள் விலாசத்துக்கே வந்திருந்தது. அவளுக்கு எழுதினேன். உடம்பு சரியில்லை, அலைய முடியாது என்று தமிழில் பதில் வந்தது. மசக்கையாக இருக்கும் என்றாள் அம்மா. திருச்சிக்குப் போய் நான் மட்டும் எழுதினேன். என் பக்கத்து மேஜை காலியாக இருந்தது. அதில் ஒட்டியிருந்த எண் அவளுடையது. மூன்று மணி நேரமும் அந்த மேஜையைப் பார்க்காமல் எழுதினேன்.

அதற்குப் பின் ஒரு நாள் அம்மா முறுக்கு, அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு வளைகாப்புக்கு நாள் கேட்கப் போனாள். போய்விட்டு இரண்டு நாள் இருந்து வருவதாகச் சொன்னவள் அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். பலகாரத் தூக்கு கையிலேயே இருந்தது, மூடிகூடத் திறக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"கொழந்த இல்லடா தம்பி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னாள். "நாப்பது நாளாச்சாம். ஆனி கடைசியில. கெணத்துல தண்ணி சேந்தறப்ப வுழுந்துட்டான்னு அவங்க சொல்றாங்க. அவ ஒண்ணும் சொல்லல. வாயே தொறக்கல. அஞ்சு மாசமாம். பொட்டப் புள்ளையாம். கொல்லையில பொதச்சிட்டாங்களாம். ஒரு வார்த்த நமக்குச் சொல்லி அனுப்புனாங்களா பாரு."

"அக்காவ ஏம்மா கூட்டிட்டு வரல?"

"ஆம்பளைங்க வந்து பேசிக் கூட்டிட்டுப் போகட்டும்னு சொல்லிட்டாங்க. எலும்பும் தோலுமா கெடக்குறா. தலகாணிக்குக் கீழ நீ அனுப்புன கடுதாசிதான் அடுக்கி வச்சிருக்கா. அத மட்டும் தொட வுடமாட்டேங்குறா."

ஆனி கடைசி. அந்த நான்கு வாக்கியக் கார்டு வந்த சமயம். நான் கேட்கப் பயந்து கேட்டேன். "ஏம்மா, அக்கா அங்க இங்கிலீஷ் பேப்பர் எங்க வாங்குது?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பேப்பரா? அந்த ஊருல டீக்கடையே கெடையாது. தபால்காரனே வாரத்துக்கு ரெண்டு வாட்டிதான் வருவான். அவ எழுதுற தமிழ்க் கடுதாசியக்கூட மாமியா, யாரையாவது வச்சுப் படிச்சுப் பாத்துட்டுத்தான் போட வுடுவாளாம். இங்கிலீஷ்ல எழுதுறது பரீச்சைக்குன்னு வுட்டுட்டாங்க. அது அங்க யாருக்குப் படிக்கத் தெரியும்?"

எனக்குப் படிக்கத் தெரியும். அந்தக் கார்டுகளைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் உலகத்திலேயே நான்தான். அத்தியாவசியப் பொருள் நிறுத்தப்பட்டது அவள் சாப்பாடு. தடியடியில் காயம் பட்ட தோள் அவள் தோள். மீட்புக் குழு நான். சட்டத்தை ஒரு நாள்கூட அவள் மீறவில்லை. வீட்டைப் பற்றி, அன்றைக்கு நடந்ததை, உண்மையாக எழுதிக்கொண்டே இருந்தாள். நான் காப்பி அடிக்காதே என்று திட்டி, காற்புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். குழந்தை செத்துப்போன சேதிக்கு வெரி குட் போட்டிருக்கிறேன். வட்டம் வேறு.

அன்றைக்கு நான் அழவில்லை. பேப்பரைக் கிழித்தேன். என்ஜினீயர் வீட்டுப் பேப்பரைச் சுக்குநூறாகக் கிழித்துத் தெருவில் போட்டேன். அம்மா மறுநாள் அந்தம்மாவிடம் என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று எனக்குத் தெரியாது.

விடிந்ததும் கிளம்பினேன். "பெரியவங்கள வச்சுப் பேசி..." என்று அப்பா ஆரம்பித்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைப் பேசி முடிக்க விடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். இந்தக் கோபம் தை மாதத்தில் எங்கே போயிருந்தது என்று பெரம்பலூர் வரைக்கும் பஸ்ஸில் என்னையே கேட்டுக்கொண்டு போனேன்.

அக்கா அந்த வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "கெளம்புக்கா" என்றேன். மாமியார் கத்த ஆரம்பித்தாள். ஊர் கூடும், நாலு பேர் கேட்பார்கள் என்றாள். யாரும் கூடவில்லை. மாமா காட்டில் இருந்தாரோ, இருந்துகொண்டே வரவில்லையோ. அக்கா உள்ளே போய் அதே தகரப் பெட்டியோடு வந்தாள். அடுக்கிக் கட்டியே வைத்திருந்திருக்கிறாள் போல. அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாள். ஒரே ஒரு ஆள் வந்து நின்றாலே முடிந்துபோகிற காரியமாக அது இருந்தது.

மூன்று மைல் நடந்தோம். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். நடுவில் ஒரு தடவை நின்று, திரும்பி அந்த ஊர்ப் பக்கம் பார்த்தாள். கொல்லையைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன்.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பரீட்சையில் நான் தேறினேன். வேலை கிடைத்து, முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலத்தில் நோட் எழுதியே சம்பளம் வாங்கினேன். என் ஆங்கிலத்தை மேலதிகாரிகள் பாராட்டுவார்கள். அக்கா பரீட்சை எழுதவே இல்லை. நானும் அம்மாவும் எவ்வளவோ சொன்னோம். செந்துறையில் ஒரு பால்வாடியில் ஆயா வேலைக்குப் போனாள். தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். அவளைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை, அவளும் போகவில்லை. வீட்டில் ஆங்கிலப் பேப்பர் கிடந்தால் சுற்றிக்கொண்டு நடப்பாள். நானும் அவளும் அதற்குப் பிறகு வாழ்நாள் பூராவும் நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டோம். இந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசியது அன்றைக்கு அந்த பஸ்ஸில் மட்டும்தான்.

பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினோம். அவளுக்கு ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தேன். பஸ் ஊரைத் தாண்டியதும், "அக்கா, எனக்குப் புரியலக்கா" என்றேன். பஸ் என்றும் பார்க்காமல் அழுதேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டார்.

அக்கா மடியில் இருந்த பெட்டியைத் திறந்து, ரவிக்கைத் துணிக் கிழிசலால் கட்டிய கார்டுக் கட்டை எடுத்தாள். நான் திருத்தி அனுப்பியவை மேலே, விலாசம் எழுதிய வெற்றுக் கார்டுகள் கீழே.

"காப்பி அடிக்காதன்னு எழுதுனியே, அப்பவே உனக்குப் புரியலன்னு தெரிஞ்சுபோச்சுடா" என்றாள். "அன்னிக்கு ரொம்ப அழுதேன். அப்புறம் பாத்தா, செவப்பு மையில கோடு கோடா போட்டிருக்க. ஒரு எழுத்து வுடாம படிச்சிருக்க. அந்த வூட்டுல நான் சொல்றது எதுவும் யாரு காதுலயும் ஏறாது. ஒருத்தன் எழுத்துக்கூட்டிப் படிச்சிருக்கான்னு இருந்துச்சு. அதுக்காகவே எழுதுனேன். கவர் வர்ற நாள எண்ணிக்கிட்டு இருப்பேன்."

கட்டின் மேலே இருந்தது அந்தக் கடைசிக் கார்டு. நான் போட்ட வட்டம் பளிச்சென்று தெரிந்தது. அதை மட்டும் உருவி என் கையில் கொடுத்தாள்.

"இதுல நீ தப்பா மார்க் போட்டுட்ட" என்றாள்.

எனக்குத் தெரியும் என்று தலையை ஆட்டினேன். அவள் அதைச் சொல்லவில்லை. இரண்டாவது வாக்கியத்தின் மேல் விரலை வைத்தாள். நகமெல்லாம் கடலை உடைத்து உடைத்துத் தேய்ந்துபோயிருந்தது.

"பேரு தெரியலன்னு எழுதியிருக்கேன் பாரு. அது பொய். நான் பேரு வச்சிருந்தேன்."

அந்தப் பெயரை என் காதருகே குனிந்து ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் இன்றுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அரை மார்க் கொறச்சிருக்கணும் தம்பி" என்றாள். "சட்டம் அதானே."